பூரணியின் அறிக்கையில் ஒரு சொல்

ஒரு மனிதரை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். இது என் சுபாவம். பஸ்காரன் சிரித்த முகத்தோடு உட்கார இடம் பிடித்துக் கொடுத்தால், இந்த பஸ் ஹட்டன் வரைக்கும் போகாது போலிருக்கிறதே என்று நினைப்பேன். என் மனைவி யூஜினா கேட்காமலே இரண்டாவது தரம் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தால், "என்ன விஷயம்?" என்பேன். "ஒண்ணுமில்ல, குடிங்க" என்பாள். அந்த ஒன்றுமில்லையை நான் இதுவரை நம்பியதில்லை.

என் பெயர் ஜோர்ஜ். பொகவந்தலாவைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். நான்கு துரைமாருடைய கடிதங்களை அடித்துக் கொடுத்திருக்கிறேன், முதலில் டைப்ரைட்டரில், இப்போது கம்ப்யூட்டரில். துரைமார் இங்கிலீஷில்தான் எழுதுவார்கள். அந்த இங்கிலீஷில் எது பாராட்டு, எது படுகுழி என்று அகராதியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கடிதம் போய் மூன்று மாதம் கழித்து யாருடைய சாமான் லொறியில் ஏறுகிறது என்று பார்த்தால் தெரியும்.

'பொப்பியுலர்' என்ற சொல்லை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் பழனியாண்டி கங்காணி. அப்போதிருந்த துரை அவரைப் பற்றி 'ஆட்களிடம் பொப்பியுலர்' என்று எழுதியபோது எனக்கு ஒரே சந்தோஷம். அவரைக் கூப்பிட்டுக் கைகூடக் கொடுத்தேன். நான்காம் மாதம் அவரைக் கங்காணி வேலையிலிருந்து எடுத்து, உச்சி மலையில் புல்லு வெட்டப் போட்டார்கள். ஆட்கள் பக்கம் சாய்கிறார் என்பது காரணம். அடுத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்த ஐயா. அவருக்கும் அதே சொல் விழுந்தது, அவரும் போனார். மூன்றாவது, மலை வேலைகளைப் பார்த்த கண்டாக்கையா, சின்ன வயசுக்காரர். அவருடைய அறிக்கையை அடிக்கும்போதே இவருக்கு இனி இங்கே இருப்பில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவர் கைக்குழந்தையோடு லொறியில் ஏறிய அன்று நான் ஆபீஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பூரணி விஷயத்தில் நான் தலையிட்டதற்கு அந்த ஜன்னல்தான் காரணம்.

பூரணி பதினெட்டு வயதிலிருந்து கொழுந்து எடுத்தவள். இப்போது முப்பத்தாறு. முந்தின வருஷம் மழையில் கொழுந்துச் சாக்கோடு, மலைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் வழுக்கி விழுந்து முழங்காலை முறித்துக்கொண்டாள். டிக்கோயா ஆஸ்பத்திரியில் காலைச் சரிப்படுத்தி அனுப்பிய டொக்டர், இனிச் சரிவில் பாரம் சுமந்தால் இந்தக் கால் மடங்காது என்று சொல்லிவிட்டார். புருஷன் மாயாண்டி கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான், தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வருவான். இரண்டும் பெண் பிள்ளைகள்.

அந்த நேரத்தில்தான், பெண்களையும் கங்காணியாகப் போடுங்கள் என்று கம்பனியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. புதுத் துரை பூரணியைத் தெரிவு செய்து, இருபத்துமூன்று பெண்கள் கொண்ட கேங்கை அவளிடம் கொடுத்தார். மூன்று மாதம் பரீட்சை. தேறினால் நிரந்தரக் கங்காணி, சாக்கு தூக்கவே வேண்டாம். தேறாவிட்டால் பழையபடி சாக்கும் சரிவும் அந்தக் காலும்.

புதுத் துரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலிப் பக்கத்து சிங்கள ஆள். வயது நாற்பது இருக்காது. வந்து எட்டு மாதம்தான். தன்னுடைய ஜீப்பைத் தானே கழுவுவார். காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் ஆட்களுக்கு முதலில் வணக்கம் சொல்வார், அதுவும் தமிழில். முப்பத்தொரு வருஷத்தில் இப்படி ஒரு துரையை நான் கண்டதில்லை. அதனால் அவர்மேல் ஒரு கண் வைத்திருந்தேன்.

கங்காணி வேலையில் முக்கியமானது காலையில் நிரை கொடுப்பது. தேயிலைச் செடிகள் மலையில் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஆளுக்கு இத்தனை வரிசை என்று கங்காணி பிரித்துக் கொடுக்க வேண்டும். ரோட்டோரம் கிடைத்தவளுக்கு அன்றைக்கு யோகம். உச்சி நிரை கிடைத்தவள் பாறையைப் பிடித்து ஏறி, நிறைந்த சாக்கோடு இறங்க வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் ஒருநாள் உச்சியில் நின்று பார்க்கட்டும். வழக்கமாகக் கங்காணிமார் மச்சினிச்சிக்கும் மருமகளுக்கும் ரோட்டோரத்தைக் கொடுப்பார்கள். பூரணி அப்படிச் செய்யவில்லை. இன்றைக்கு உச்சி நிரை என்றால் நாளைக்குக் கீழ் நிரை என்று சுற்றிவிட்டாள். இரண்டு பேருக்கு மட்டும் விலக்கு. ஐந்து மாதக் குழந்தை வைத்திருக்கும் சண்முகவடிவுக்கு எப்போதும், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குக் கிட்ட இருக்கும் நிரை, ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வர. ஐம்பத்தெட்டு வயதுக் காளியாயிக்கு எப்போதும் சமமான இடம். கேங்கில் ஒருத்தியும் இதற்கு முகம் சுளிக்கவில்லை.

அவர்களுக்குப் பூரணியை எவ்வளவு பிடித்திருந்தது என்று எனக்கு ஆபீசில் இருந்தபடியே தெரியும். காலையில் முதல் கொழுந்தைக் கிள்ளுவதற்கு முன் கங்காணி "பொலி" என்று குரல் கொடுப்பது வழக்கம். கொழுந்து பெருகட்டும் என்று அர்த்தம். ஆட்கள் "பொலி, பொலி" என்று பதில் கொடுத்துவிட்டுத்தான் செடியில் கை வைப்பார்கள். மற்ற மலைகளில் இது வெறும் முணுமுணுப்பாகிவிட்டது. பூரணியின் மலையில் இருபத்துமூன்று தொண்டையும் திறக்கும். ஏழரை மணிக்கு அந்தச் சத்தம் பள்ளத்தைத் தாண்டி என் மேசைக்கு வரும். அதைக் கேட்டுத்தான் நான் கம்ப்யூட்டரைப் போடுவேன்.

இரண்டாம் மாத முடிவில் துரை அறிக்கைப் படிவத்தைக் கையால் நிரப்பி, அடிக்கச் சொல்லி என் மேசையில் வைத்தார். ஆட்களின் வரவு, நன்று. கொழுந்தின் தரம், நன்று. கடைசியில் குறிப்பு என்ற கட்டம். அதில் ஒரே ஒரு வரி. 'தன் கேங்கிடம் பூரணி பொப்பியுலர்.'

கம்ப்யூட்டரை விட்டு எழுந்தேன்.

அலுமாரியிலிருந்து அகராதியை எடுத்தேன். 'மக்களால் விரும்பப்படுகிற, செல்வாக்குள்ள' என்றிருந்தது. அகராதிக்கு என்ன தெரியும்? ஒரு பாட்டுக்காரன் பொப்பியுலர் என்றால் கூட்டம் வரும். ஒரு பிஸ்கட் பொப்பியுலர் என்றால் கடையில் தீர்ந்துபோகும். ஒரு கங்காணி பொப்பியுலர் என்றால் துரை அவனுடைய முதுகைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். ஆட்களை வேலை வாங்க வைத்திருக்கும் ஒருவரை ஆட்களுக்கே பிடிக்கிறது என்றால், வேலை எங்கேயோ குறைகிறது என்றுதான் மேலே இருப்பவர்கள் கணக்குப் போடுவார்கள். எங்கள் பங்குச் சாமியாரையே, பாட்டுக் குழுப் பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டு திரிந்த வருஷத்தில்தான் நோட்டன் பிரிட்ஜுக்கு மாற்றினார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. கவனித்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மாலையில் பூரணி, ஆட்களின் வரவு குறிக்கும் செக்ரோல் கொப்பியைக் கொடுக்க வந்தபோது அவளை ஆபீசுக்குப் பின்னால், குழாயில் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கரைக்குக் கூப்பிட்டேன்.

"பூரணி, தொரை ஒன்னப் பத்தி எழுதிட்டாரு."

"என்னன்னு எழுதியிருக்காருங்கையா?"

"பொப்பியுலர்னு."

"அப்புடின்னா?"

"ஆளுங்களுக்கு ஒன்னய ரொம்பப் புடிச்சிருக்குன்னு."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குப் பழனியாண்டி கங்காணியின் கை ஞாபகம் வந்தது. நான் பிடித்துக் குலுக்கிய கை.

"சிரிக்காத" என்றேன். "பழனியாண்டி கங்காணிய ஏன் எறக்குனாங்கன்னு தெரியுமா? இந்த ஒரு சொல்லாலதான். மருந்துகாரையாவுக்கும் இதே சொல்லு. கண்டாக்கையாவுக்கும் இதே சொல்லு. மூணு பேருமே இன்னைக்கு அந்த வேலையில இல்ல."

சிரிப்பு நின்றுபோனது. அவள் தன் முழங்காலைத் தொட்டுக்கொண்டாள். தொட வேண்டும் என்று தொடவில்லை, கை தானாக அங்கே போனது.

"நான் ஒண்ணும் தப்பா செய்யலீங்களே. கொழுந்தும் கொறையலீங்களே."

"தப்புன்னு யாரு சொன்னா? ஒன்னய அவங்களுக்குப் புடிச்சிருக்குன்னு வெளிய தெரியுது. அதுதான் தப்பு. இன்னும் ஒரு மாசம் இருக்கு. கடைசி வாரம் தொரை மலைக்கு வந்து பாத்துட்டுத்தான் முடிவு எழுதுவாரு. அதுக்குள்ள ஒன்னப் பாத்தா ஆளுங்க கொஞ்சம் முணுமுணுக்கணும். கண்டிப்பான கங்காணின்னு பேரு வரணும்."

"எப்புடிங்கையா?"

"நெரையச் சுத்திவிடுறத நிப்பாட்டு. வெலக்கு குடுக்காத. வடிவுக்கும் குடுக்காத, காளியாயிக்கும் குடுக்காத."

பூரணி தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பீலித் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"காளியாயி எங்கம்மாவோட வேல செஞ்சவங்க" என்றாள்.

"ஒரு மாசந்தானே. வேல கையில வந்தப்பறம் பழையபடி செஞ்சிக்க. நான் ஒனக்குக் கெடுதல் சொல்வேனா?"

"நீங்க சொன்னா சரிதாங்கையா" என்றாள். அவள் அப்படிச் சொன்னதில் எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஜன்னலைச் சாத்தியவன் இந்த முறை கதவைத் திறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பூரணி அரைகுறையாக எதையும் செய்கிறவள் இல்லை. அடுத்த திங்கட்கிழமையே காளியாயியை உச்சி நிரைக்கு ஏற்றினாள். யூஜினா பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறவள். எங்கள் வீட்டுக்கு மலைச் செய்தியெல்லாம் அவள் வழியாகத்தான் வரும். அந்த வாரம் சோறு போடும்போது சொன்னாள்.

"இன்னைக்கு வடிவு பதினொன்றரைக்குத்தான் பால் குடுக்க வந்தா. மேல இருந்து எறங்கி வரணுமே. சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. பிள்ள அழுதழுது வாயெல்லாம் காஞ்சு கெடக்கு. அவளும் அழுறா, அதுவும் அழுகுது."

"பூரணி ஏன் அப்படிச் செய்றாளாம்?" என்றேன், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"அதத்தான் எல்லாரும் கேக்குறாங்க. பதவி வந்ததும் தல கனத்துருச்சுன்னு காளியாயி சொல்லுது. அந்தப் பொண்ணு அப்புடிப்பட்டவ இல்லையே." யூஜினா கரண்டியைச் சட்டியில் வைத்தாள். "நீங்க ஏதும் சொன்னீங்களா?"

"நான் ஏன் சொல்றேன்?"

"இல்ல, நீங்க இன்னைக்கு ரெண்டு தரம் சோறு வாங்குனீங்க. ஏதாச்சும் காரியம் முடிச்சாத்தான் ஒங்களுக்கு இப்புடிப் பசிக்கும்."

முப்பது வருஷம் என்னோடு குடித்தனம் செய்தால் யாருக்கும் இந்த நோய் தொற்றிக்கொள்ளும். நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். சண்முகவடிவின் குழந்தையை நினைக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மாதத்தில் அது சரியாகிவிடும், பூரணியின் கால் அப்படிச் சரியாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலைப் பொலியும் குறைந்தது. முதல் வாரத்தில் இருபத்துமூன்று குரல் பத்தாயிற்று. அடுத்த வாரம் நாலைந்து. பிறகு பள்ளத்தைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. திட்டம் சரியாகப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. இருந்தாலும் ஏழரை மணிக்கு ஆபீஸ் ஒரு மாதிரி வெறிச்சென்றிருந்தது.

ஒருநாள் துரை என் மேசையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். எந்தத் துரையும் கிளாக்கரின் மேசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உஷாரானேன்.

"ஜோர்ஜ்" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார். "உங்களுக்கு இந்த ஆட்களை நன்றாகத் தெரியும். பூரணியை அவளுடைய கேங்குக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறதா? நான் அப்படித்தான் எழுதினேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது."

தூண்டில் போடுகிறார் என்று எனக்குப் பட்டது. ஆமாம் என்று சொன்னால் அதையே சாட்சியாக வைத்து அவளை இறக்கிவிடுவார். பழனியாண்டி கங்காணியை இறக்குவதற்கு முன்பும் அந்தத் துரை என்னிடம் இப்படித்தான், சும்மா கேட்பது போல, ஒரு வார்த்தை கேட்டார். அன்றைக்கு ஆமாம் என்று சொன்னவன் நான்.

"இல்லை சேர்" என்றேன். "அவர்களுக்கு அவளைப் பிடிக்காது. அவள் ரொம்பக் கண்டிப்பு. முதலில் ஏதோ நடிப்புக்குச் சிரித்திருப்பார்கள்."

"அப்படியா?" என்றார். "உண்மையைச் சொன்னதற்கு நன்றி." எழுந்து போனார்.

அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அன்றைக்கு நானே எழுந்து போய் ஒரு தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்தேன்.

கடைசி வாரத்துப் புதன்கிழமை காலையில் துரை என்னையும் ஜீப்பில் ஏறச் சொன்னார். முடிவுப் படிவம் என் மடியில் இருந்தது. பனி விலகாத நேரம். நாங்கள் போய் இறங்கும்போது பூரணி நிரை கொடுத்து முடித்திருந்தாள். காளியாயி உச்சியில் நின்றாள். சண்முகவடிவு அவளுக்கு இரண்டு நிரை தள்ளி. ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. வழக்கமாகப் பூரணியின் கையில் இருந்து வெற்றிலை வாங்கிப் போடுகிற பெண்கள் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பூரணி என்னை ஒரு தரம் பார்த்தாள். நான் கண்ணால் ஆறுதல் சொன்னேன். அவள் நிமிர்ந்து நின்று குரல் கொடுத்தாள்.

"பொலி."

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எங்கேயோ கீழே ரோட்டில் பஸ் ஹோன் அடித்தது கேட்டது. பூரணி மறுபடியும், இன்னும் சத்தமாக, "பொலி" என்றாள். மலை முழுக்க இருபத்துமூன்று பேர் குனிந்து, பதில் சொல்லாமலே செடியில் கை வைத்தார்கள். எனக்கு இந்தத் தோட்டத்தில்தான் பிறப்பு. பொலி சொல்லாமல் கை வைத்ததை நான் கண்டதே இல்லை. கங்காணியின் மூஞ்சியில் அடித்தால்கூட அதைவிடக் குறைவான அவமானம்தான்.

துரை நிரையில் ஏறிப்போய் காளியாயியிடம் தன்னுடைய உடைந்த தமிழில் கேட்டார். "அம்மா, பூரணி கங்காணி எப்படி? நல்லமா?"

காளியாயி செடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேல நல்லா வாங்குதுங்க தொரை" என்றாள்.

திரும்பும்போது ஜீப்பில் துரை ஆபீஸ் வளைவில் வைத்து, "எனக்கு வருத்தமாக இருக்கிறது ஜோர்ஜ்" என்றார். "அவளை நிரந்தரமாக்கி, அடுத்த வருஷம் வெளிக்கள உத்தியோகத்தருக்கான பயிற்சிக்கு அனுப்பலாம் என்று எழுதிவைத்திருந்தேன். கம்பனி கேட்டது அதைத்தான். ஆட்கள் விரும்பிப் பின்னால் வருகிற பெண்களாகப் பாருங்கள் என்று சுற்றறிக்கையில் இருக்கிறதே. நீங்கள் வாசிக்கவில்லையா?"

வாசித்தேன். முதல் பந்தியை மட்டும் வாசித்தேன். மிச்சம் வழக்கமான சர்க்கரைப் பேச்சு என்று கோப்பில் போட்டுவிட்டேன். ஆபீசுக்குள் போனதும் அந்தக் கோப்பை எடுத்துப் பிரித்தேன். இரண்டாம் பந்தியில் அந்தச் சொல் இருந்தது. பொப்பியுலர். அதன் பக்கத்தில் படுகுழி ஒன்றுமில்லை. துரை அகராதியில் இருக்கிற அர்த்தத்திலேயே அதை எழுதியிருக்கிறார்.

நேராக அவருடைய அறைக்குள் போனேன்.

"சேர், நான் உங்களிடம் பொய் சொன்னேன். அந்தப் பெண்களுக்குப் பூரணி என்றால் உயிர். நான்தான் அவளைக் கடுமையாக இருக்கச் சொன்னேன். பிடித்திருக்கிறது என்று தெரிந்தால் நீங்கள் இறக்கிவிடுவீர்கள் என்று பயந்தேன்."

துரை பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் ஏன் இறக்க வேண்டும்?"

பழனியாண்டி கங்காணியைப் பற்றிச் சொன்னேன். மருந்துகாரையாவைப் பற்றி, கண்டாக்கையாவைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது வேறு யாரோ கட்டிய கதை மாதிரி இருந்தது. அவர் இடைமறிக்காமல் கேட்டார். கேட்டு முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

"ஜோர்ஜ், போன வாரம் அவளைப் பிடிக்காது என்றீர்கள். இன்றைக்கு நான் முடிவு எழுதும் நேரத்தில் உயிர் என்கிறீர்கள். அந்தக் கேங்கிலிருந்து மூன்று பேர் வேறு கங்காணியிடம் மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். இந்த மாதம் கொழுந்தும் குறைந்திருக்கிறது. இன்று காலை நானே என் காதால் கேட்டேன்." படிவத்தை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். "பூரணி உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லை சேர்."

"அவளிடம் ஏதாவது வாங்கியிருக்கிறீர்களா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, சும்மா கேட்பது போலத்தான் கேட்டார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். பஸ்காரனையும் சாமியாரையும் யூஜினாவின் இரண்டாவது தேத்தண்ணீரையும் நான் அப்படித்தான் பார்ப்பேன். அந்தப் பார்வைக்கு முன்னால் நின்று எந்த உண்மையைச் சொன்னாலும் எடுபடாது என்பதும் எனக்குத் தெரியும்.

"ஒன்றுமில்லை சேர்" என்றேன். அவர் அதை நம்பவில்லை.

படிவத்தை அவரே நிரப்பினார். நான் அடித்தேன். குறிப்பு என்ற கட்டத்தில் போன மாதம் இருந்த அதே வரிதான், நடுவில் ஒரு 'இல்லை' மட்டும் கூட. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ கடிதம் அடித்திருக்கிறேன். அந்த ஒரு வரியை அடிக்க அரைமணி நேரம் ஆனது.

நாலரைக்குப் பூரணி ஆபீசுக்கு வந்தாள். ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடந்தாள். ஆனால் முகத்தில் அவ்வளவு தெளிவு. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே ஜன்னல் பக்கத்தில் வந்து, மெதுவான குரலில் பேச ஆரம்பித்தாள்.

"பாத்தீங்களாங்கையா? ஒருத்திகூட பொலி சொல்லல. தொரையும் நல்லா பாத்தாரு. அழுதுறக் கூடாதுன்னு பல்லக் கடிச்சிக்கிட்டு நின்னேன். நீங்க சொன்ன மாதிரியே ஆயிருச்சுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காகிதம் வந்திருச்சாங்கையா?"

மேசையில் அவளுடைய பெயர் போட்ட உறை இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் பிரித்து, இங்கிலீஷ் எழுத்துகளை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு காகிதத்தை என் பக்கம் திருப்பினாள்.

"அந்தச் சொல்லு இருக்குதுங்களா?"

"இருக்கு" என்றேன். அவள் முகம் மாறியது. "ஆனா இல்லன்னு போட்டிருக்கு. ஆளுங்களுக்கு ஒன்னயப் புடிக்கலன்னு எழுதியிருக்கு."

பூரணி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சு அது. என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். மூன்று பேர் போனபோதும் அவர்களுக்காக வாய் திறக்காத மனிதன் நான் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்காக மட்டும் வாய் திறந்தவன் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப சரிங்கையா" என்றாள். "நாளைக்கே காளியாயிய கீழ் நெரைக்கு எறக்கிடுறேன். வடிவு வீட்டுக்கும் போவணும், பிள்ளையப் பாத்துட்டு வரணும். எல்லாத்தையும் சொன்னா வெளங்கிக்குவாங்க. அவளுங்க மனசு எனக்குத் தெரியும்."

போகத் திரும்பினாள். ஜன்னல் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. சாத்தவில்லை.

"பூரணி" என்று கூப்பிட்டேன். "நாளைக்கு நெரை குடுக்குறது நீ இல்ல. காலையில பெரட்டுக்கு வரும்போது சாக்கு எடுத்துட்டு வா."